ஈரத்துணி



எங்கள் அத்தா மவ்த்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டை வீட்டு வாசலில் அவர்கள் விட்டுச் சென்றது ஒரு வெள்ளை அம்பாசடர் டீசல் கார். பட்டுச் சேலை வியாபாரத்துக்காக ஊர் ஊராக ஓடிய வண்டி அது. நள்ளிரவில் பிரசவத்துக்கென்றும் மவ்த்துச் செய்திக்கென்றும் வந்து கேட்ட எவருக்கும் அத்தா அதன் சாவியை மறுத்ததில்லை.

அவர்களுக்குப் பின் வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்தது. பிறகு ஒரு விசித்திரமான நோய் கண்டது. காலையில் குளிர்ந்த நிலையில் முதல் முயற்சியிலேயே கிளம்பிவிடும். நன்றாக ஓடிச் சூடேறிய பின் நிறுத்தினால் மறுபடியும் கிளம்பாது. ஓட்டுநர்கள் அறிந்த பழைய வைத்தியம் ஒன்று உண்டு: டீசல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பது. பம்பு குளிர்ந்ததும் வண்டி உயிர் பெறும். வண்டியில் எப்போதும் ஒரு துணியும் குடம் நீரும் வைத்திருந்தேன்.

ஒரு பகலில், நெஞ்சுவலி கண்ட பக்கத்து வீட்டுப் பெரியவரைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வழியில் டீசல் போட நிறுத்திய இடத்தில் வண்டி அடங்கிவிட்டது. வந்த ஆட்டோ ஒன்றை மறித்து அவரை ஏற்றி அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், அவர் பிழைத்தார். ஆனால் வெயிலில் நின்று பம்பின் மேல் துணியை நனைத்த அந்த நிமிடங்களை என்னால் மறக்க இயலவில்லை. அன்றே வண்டியை விற்றுவிட முடிவு செய்தேன்.

வாங்க ஒருவர் முன்வந்தார். என் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் யோசனை சொன்னார்: "ஃபஜ்ருக்குப் பிறகு வரச் சொல். ஒரு சுற்று ஓட்டிக் காட்டு. நடுவில் நிறுத்தாதே, போதும்." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுவே என்னை உறுத்தியது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், அடியில் மழையில் நனைந்தது. அந்த வியாபாரியும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. வாங்க வந்தவரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்துவதால் எழும் வெப்பத்தில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. அதற்கு டீசலை வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான விசையில் பீய்ச்ச வேண்டும். இது பம்பின் வேலை. அதனுள் இயங்கும் எஃகுத் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்க்கப்பட்ட சோடி. ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. தேய்ந்த சோடியில், சூட்டினால் இளகிய டீசல் இடைவெளி வழியே கசிந்துவிடும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும் நேரத்தில் போதிய அழுத்தம் எழாது. ஈரத்துணியின் இரகசியம் இவ்வளவுதான்.

இதைச் செப்பனிடுபவரைத் தேடியதே பெரும்பாடு. ஓர் இடத்தில் பம்பின் முத்திரையை உடைத்து, டீசல் அளவுத் திருகைக் கூட்டி அனுப்பினார்கள். கரும்புகை வந்ததுதான் மிச்சம். புதிய கடைகள் கணினி வழிப் பம்புகளையே பார்க்கின்றன. சென்னை புதுப்பேட்டையில் பழைய பம்பு கிடைத்தது. ஆனால் அதன் உட்புறம் எப்படி இருக்கும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று சோர்ந்திருந்தபோது, எங்களுக்குச் சேலை நெய்து தரும் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வழி சொன்னார். அவருடைய மைத்துனர் அம்பத்தூரில் டிராக்டர், லாரி பம்புகளைப் பழுது பார்க்கிறாராம்.

அறுபது வயதைக் கடந்த அவர் முதலில் கேட்டது, "இதை ஏற்கெனவே யார் திறந்தார்கள்?" என்பதே. மூடிய சிறு அறை. மின்விசிறி ஓடவில்லை. தூசு பறக்கக்கூடாதாம். பம்பைத் திறக்கும் முன்பே சோதனை மேசையில் பூட்டிச் சுழற்றினார். நான்கு குழாய்களிலிருந்து நான்கு கண்ணாடிக் குப்பிகளில் எண்ணெய் விழுந்தது. குளிர்ந்த எண்ணெயில் நான்கும் ஓரளவு சமமாக நின்றன. எண்ணெயைச் சூடாக்கி மெதுவாகச் சுழற்றியதும் எல்லாக் குப்பிகளிலும் அளவு சரிந்தது. "உங்கள் வண்டி பொய் சொல்லவில்லை, பாய்" என்று சிரித்தார். வண்டி நின்று கிடந்தபோது டீசலில் சேர்ந்த நீர் துருவாகி, தண்டைக் கீறியிருந்தது.

பழைய இருப்பிலிருந்து புதுச் சோடியைத் தேடிப் பொருத்த நான்கு நாள் ஆயிற்று. மீண்டும் மேசையில் ஏற்றி, சூடான எண்ணெயிலும் நான்கு குப்பிகள் ஒரே மட்டத்தில் நிற்பதைக் காட்டிய பிறகே கூலி கேட்டார். பழைய பாகங்களைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்: "இவை உங்கள் பொருள்." எஞ்சினின் அழுத்தமும் சற்றுக் குறைந்திருக்கலாம், அதைத் தம் பம்பால் சரிசெய்ய முடியாது என்பதையும் கேட்காமலே சொன்னார். உங்களில் எவருக்கேனும் இத்தேவை வந்தால், சோதனை மேசை உண்டா, முன்னும் பின்னும் அளவைக் காட்டுவாரா, பழைய பாகங்களைத் தருவாரா என்ற மூன்றையும் கேளுங்கள்.

வாங்க வந்தவரை இம்முறை நண்பகலில் வரச் சொன்னேன். வாலாஜாபாத் வரை ஓட்டி, நிறுத்தி, உடனே கிளப்பிக் காட்டினேன். கிளம்பியது. பிறகு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, பம்பில் இருந்த குறையையும் எஞ்சினைப் பற்றிய ஐயத்தையும் சொன்னேன். அவர் நன்றி கூறிச் சென்றார், திரும்ப வரவில்லை.

வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "அப்படியானால் சாவி வழக்கமான ஆணியிலேயே தொங்கட்டும்" என்றார்கள். குடமும் துணியும் வீட்டுக்குள் போய்விட்டன. அந்தப் பொட்டலம் மட்டும் வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது, அடுத்து வாங்க வருபவருக்காக.

நம் கொடுக்கல் வாங்கலில் மறைவான ஈரம் எதுவும் இல்லாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.