இடக்கரடக்கலும் இரவு நீரும்

அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வதை நன்னூல் இடக்கரடக்கல் என்கிறது. 'கால் கழுவி வருகிறேன்' என்பது அதற்கு வகுப்பறைகளில் தவறாமல் காட்டப்படும் எடுத்துக்காட்டு. புனேயில் ஒரு முதியவர் குளியலறையில் விழுந்ததில் இந்த மரபுக்கும் பங்குண்டு.

தென்காசிப் பக்கத்தில் அரிசி மண்டி நடத்தியவர், வயது 71. மனைவி இறந்தபின் கோத்ரூடில் மகன் வீட்டில் இருக்கிறார். தமிழன்றி வேறு மொழி அறியார். இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுவார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் மருமகள். அவர் முன்னிலையில் அதை எப்படிச் சொல்வது? 'தூக்கம் சரியில்லை' என்றார். மருமகள் அதையே பிழையற மராத்தியில் சொன்னார். தூக்க மாத்திரை கிடைத்தது. அதன் மயக்கத்தோடு நள்ளிரவில் எழுந்தபோதுதான் விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

மராத்தியும் இவ்வகையில் நமக்குச் சளைத்ததன்று. அங்கே சிறுநீருக்கு 'லக்வி' என்று பெயர். 'லகு' என்பதன் வழி வந்த சொல். நாமும் 'சிறு' நீர் என்கிறோம். சிறிது என்று சொல்லியே இரு மொழியாரும் அதைக் கடந்துவிடுகிறோம்.

விழுந்தபின் பார்த்த வேறொரு மருத்துவர், மகனை வரவழைத்து நேராகவே கேட்டார்: எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எவ்வளவு? இரண்டாவது கேள்வியில்தான் நோயின் திசை தெரியும். அடிக்கடி, ஆனால் சிறிது சிறிதாகக் கழிந்தால் ஐயம் புராஸ்டேட்டின்மீதோ சிறுநீர்ப்பையின்மீதோ செல்லும். இரவில் மட்டும் மிகுதியாகச் சுரந்தால் இதயம், சிறுநீரகம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், உண்ணும் மாத்திரைகள் என வேறிடங்களில் தேட வேண்டும். சர்க்கரை நோயில் பகலிலும் அளவு கூடும்.

மூன்று நாள் அளந்து எழுதிவரச் சொன்னார். மண்டிக் கணக்கு எழுதிய கையல்லவா? ஒரு துளி விடாமல் எழுதினார். ஒரு நாளில் மொத்தம் 1,600 மில்லி. அதில் விடியற்காலை முதல் நீரையும் சேர்த்து இரவுப் பங்கு 900. முதியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே அது இரவு மிகைச்சுரப்பு.

மாலை நான்கு மணிக்குமேல் அவர் தண்ணீரே குடிப்பதில்லை, பயனுமில்லை. நீர் ஏற்கெனவே கால்களில் தேங்கியிருந்தது. பகலெல்லாம் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். இரத்த அழுத்தத்திற்கு உண்ட அம்லோடிபின் மாத்திரையும் கால்வீக்கத்தைத் தருவது. படுத்ததும் அந்நீர் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்திற்குச் சென்றது. இதயமும் சிறுநீரகமும் நலமே என்று சோதித்தறிந்த மருத்துவர் மாத்திரையை மாற்றினார். பிற்பகலில் காலை உயர்த்திப் படுக்கவும் அழுத்தக் காலுறை அணியவும் சொன்னார். இரவுச் சுரப்பைக் குறைக்கும் டெஸ்மோபிரசினைத் தரவில்லை. முதியவர்களுக்கு அது இரத்தத்தில் சோடியத்தை அபாயமாகக் குறைக்கக்கூடும்.

அடுத்த முறை உடன் சென்றவரும் மருமகளே. முதியவர் எதுவும் பேசவில்லை. குறிப்பேட்டை விரித்து, 'இரண்டு' என்று எழுதியிருந்த வரியை மருத்துவரிடம் காட்டினார்.