கத்தாத ஃபால்ட்

ஃபால்ட் என்றால் கரண்ட் எகிற வேண்டும். முப்பது வருஷமாக அந்த நம்பிக்கையில்தான், ஃபால்ட் கண்டதும் லைனை வெட்டச் சொல்லும் ரிலேக்களுக்கு செட்டிங் போட்டு வந்தேன். அனல்மின் நிலைய ஜெனரேட்டரின் முனையருகே ஷார்ட் ஆனால், முதல் சில சைக்கிள்களில் முழு லோடு கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு பாயும். சுற்றுகிற இரும்புக்கு அந்தத் தெம்பு உண்டு.

இன்வெர்ட்டருக்குள் சுற்றுவது எதுவுமில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்தான். கரண்ட் மிஞ்சினால் கண்மூடித் திறப்பதற்குள் வெந்துவிடும். அதனால் மென்பொருள் அதை 1.1, 1.2 மடங்கிலேயே பிடித்து நிறுத்திவிடும்.

இதைப் படித்துத் தெரிந்திருந்தேன். உறைத்தது ஒரு ஆடி மாதத்தில். தெற்கே ஒரு சோலார் நிலையத்தின் 110 கே.வி. லைன். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில், காற்றில் ஆடிய ஆர், ஒய் கம்பிகள் நெருங்கிப் பொறி பறந்தது. சப்ஸ்டேஷன் முனையில், வோல்டேஜையும் கரண்டையும் வைத்து ஃபால்ட்டின் தூரத்தைக் கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலே உடனே ட்ரிப் கொடுத்தது. சோலார் முனை ரிலே வாயே திறக்கவில்லை.

மறுநாள் இரு முனை ரிலேக்களின் ரெக்கார்டுகளையும் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சப்ஸ்டேஷன் பக்கம் பாடப்புத்தகப் படம்: ஆரும் ஒய்யும் எதிரெதிராக எகிறியிருக்க, பி சாதுவாக இருந்தது. சோலார் பக்கம் ஆர், ஒய் வோல்டேஜ் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்திருந்தன. ஆனால் கரண்ட்? மூன்று அலைகளும் ஒரே உயரத்தில், சீரான இடைவெளியில், கோலம் போட்டதுபோல. ஃபால்ட் இரண்டு ஃபேசுக்கு நடுவே, இன்வெர்ட்டரோ மூன்றுக்கும் சமமாகப் பங்கு வைத்திருக்கிறது! ஃபேஸ்கள் சமமில்லாதபோது எழும் நெகட்டிவ் சீக்வன்ஸ் கரண்டை வைத்துத்தான் ஃபால்ட் எந்தத் திசை என்று அந்த ரிலே கண்டுபிடிக்கும். அதை இன்வெர்ட்டர் துடைத்து வைத்திருந்தது. மிச்சமிருந்த கரண்டும் ரிலே விழித்துக்கொள்ளும் பிக்கப் அளவைத் தொடவில்லை. ஒரு கம்பி பூமியைத் தொட்டிருந்தால் தப்பித்திருப்போம். எர்த் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் வழியாக ரிலேக்கு வேண்டிய கரண்ட் கிடைத்திருக்கும்.

கடைசியில் இன்வெர்ட்டர்கள் வோல்டேஜ் சரிந்ததைப் பார்த்துத் தாமாகவே நின்றன. அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படித் தாமாக நிற்பதே வேறிடத்தில் வினையாகியிருக்கிறது. 2016 ஆகஸ்ட் 16 அன்று தெற்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால் 500 கே.வி. லைனில் ஃபால்ட். ரிலேக்கள் அதைச் சரியாகவே விலக்கின. ஆனாலும் சுமார் 1,200 மெகாவாட் சோலார் உற்பத்தி விழுந்தது. குலைந்த அலையைப் பார்த்துப் பல இன்வெர்ட்டர்கள் ஃப்ரீக்வன்சியைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தன.

ரிலேயைத் திட்டிப் பிரயோஜனமில்லை, இன்வெர்ட்டரையும்தான். ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியவில்லை. 2022இல் வந்த ஐ ட்ரிபிள் ஈ 2800 தரநிலை, சமமில்லாத ஃபால்ட்டில் நெகட்டிவ் சீக்வன்ஸ் கரண்டையும் கொடு என்று இன்வெர்ட்டரிடம் கேட்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பழைய இன்வெர்ட்டர்களை அது மாற்றாது.

அந்த லைனுக்கு டிஃபரன்ஷியல் போட்டோம். இரு முனைக் கரண்டையும் ஃபைபர் வழியே ஒப்பிடும் ரிலே அது. ஒரு முனை முனகினாலும் மறுமுனை கத்துவது போதும். ஆனால் ஃபைபர் அறுந்தால் மறுபடி அதே டிஸ்டன்ஸ் ரிலேதான் காவல். அதன் செட்டிங் ஷீட் பாதி நிரம்பி என் மேசையில் கிடக்கிறது. ஃபால்ட் நேரத்தில் இன்வெர்ட்டர் என்ன செய்யும் என்ற மாடலைத் தயாரிப்பாளரிடம் கேட்டிருக்கிறோம்; இன்னும் வரவில்லை.