ஓடுதளத்து வேலிக்கு அப்பால்

ஜோலார்பேட்டை ரயிலால் வளர்ந்த ஊர். 1864ஆம் ஆண்டு பெங்களூருக்கு இருப்புப்பாதை இங்கிருந்து பிரிந்து சென்ற நாள்முதல் இவ்வூரின் உறக்கமும் விழிப்பும் வண்டிகளின் வருகையோடு இணைந்தே வந்துள்ளன. கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூர், தெற்கே சேலம் என மூன்று திசைக்கும் வழிகாட்டி நிற்கும் இச்சந்திப்பில் வாழ்பவர்களுக்குப் பயணம் என்றாலே தண்டவாளம்தான். இத்தகைய ஊரில் வானூர்தியைப் பற்றிப் பேச்சு எழுவது அரிது. எனினும் அண்மைக் காலத்தில் அது எழுந்தது. ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "சாமி, வேலூருக்கு ஏரோப்ளேன் வருதுன்னு போட்டிருக்கான். அதுல ஏறிப் போறவங்க வேற ஆளுங்க. நமக்கு அதுல என்ன வந்தது?"

அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலவில்லை. அதைச் சுமந்துகொண்டு சில காலம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வேலூர் நகருக்கு மேற்கே, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அப்துல்லாபுரம் அமைந்துள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே ஒரு விமானத்தளம் உருவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் பயன் குறைந்தது. பல்லாண்டுகள் அது புல் முளைத்த வெளியாகவே கிடந்தது. 2016ஆம் ஆண்டு நடுவண் அரசு உடான் என்னும் வட்டார விமானத் திட்டத்தை அறிவித்தது. அதன்கீழ் வேலூரும் தேர்வு பெற, 19 பேர் அமரக்கூடிய சிறு விமானங்களுக்கென அந்தப் பழைய தளம் சீரமைக்கப்பட்டது.

இதனால் நன்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் நாள்தோறும் வந்து காட்பாடியில் இறங்குகின்றனர். இரண்டு இரவுகள் ரயிலில் படுத்து வரும் நோயாளிக்குக் கடைசி நூறு கல் தொலைவு குறைந்தாலும் அது ஆறுதலே. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணியும் தோலும் வாங்க வருகின்ற வெளிநாட்டு வணிகர்களுக்கும் அது வசதி. ஆயினும் ஒரு விமான நிலையத்தின் மதிப்பை அதில் ஏறி இறங்குவோரை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது. அதன் வேலிக்கு அப்பால் வாழ்வோரையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

சிறு விமான நிலையத்தின் அன்றாட நிர்வாகத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் விமானம் வருமுன் ஒருவர் வண்டியில் ஏறி ஓடுதளம் முழுவதையும் பார்த்து வர வேண்டும். ஒரு சிறு கல், ஓர் ஆணி, இறந்து கிடக்கும் ஒரு நாய் போதும், பேராபத்து நேர. காற்றின் திசை காட்டும் துணிப்பை கிழியாதிருக்க வேண்டும். விமானத்தின் நீள அகலத்திற்கேற்ற தீயணைப்பு வண்டியும் ஆட்களும் ஆயத்தமாக நிற்க வேண்டும். அருகில் எழும் கைப்பேசிக் கோபுரமும் புதிய மாடி வீடும் வளர்ந்துவிட்ட தென்னையும் விமானம் இறங்கும் பாதையில் குறுக்கிடாதவாறு கண்காணிக்க வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் மிகுந்தால் காற்றின் அடர்த்தி குறையும். விமானம் எழும்பக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். குறுகிய ஓடுதளத்தில் அதற்கு இடமின்றேல் ஏற்றும் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டே விமானங்கள் வந்தாலும் இந்த ஏற்பாடுகளில் ஒன்றையும் விட்டுவிட முடியாது.

வருவாயோ சொற்பம். ஆகவேதான் உடான் திட்டத்தில் மாநில அரசு நிலத்தை விலையின்றித் தரவும், காவலையும் தீயணைப்பையும் கட்டணமின்றி அளிக்கவும், விமான நிறுவனத்தின் இழப்பில் ஒரு பங்கைத் தாங்கவும் ஏற்பாடு உள்ளது. அவ்வளவு செய்தும் பல வழித்தடங்கள் நிலைக்கவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, தணிக்கைக்கு உட்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை நிறைவு செய்தவை 112 மட்டுமே. நமக்கு அண்மையிலுள்ள சேலத்தையே பாருங்கள். 1993இல் திறக்கப்பட்ட அந்நிலையம் பல்லாண்டு விமானமின்றிக் கிடந்தது, 2018இல் உயிர்பெற்றது, 2021இல் மீண்டும் ஓய்ந்தது, 2023இல் மறுபடி எழுந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் இத்தகைய முயற்சியில் விமானம் வந்து போகலாம், நின்றும் போகலாம். ஆனால் கையகப்படுத்திய நிலமும் மாற்றப்பட்ட நீர்ப்போக்கும் பழைய நிலைக்கு எளிதில் திரும்புவதில்லை.

இனி, நம் தோல் மாவட்டங்களுக்கே உரிய ஒரு செய்திக்கு வருகிறேன். 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் 91ஆம் விதி என்று ஒன்று உண்டு. விமானத்தளத்தின் மையத்திலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்திற்குள் எவரும் விலங்குகளை வெட்டவோ தோலுரிக்கவோ, பறவைகளை ஈர்க்கும் குப்பையையும் கழிவையும் கொட்டவோ கூடாது என்று அது தடை செய்கிறது. இறைச்சிக் கடை, மீன் கடை, உணவு விடுதி, எலும்பு ஆலை ஆகியவற்றின் கழிவுகளும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. அவ்விதியை முதன்முறை படித்தபோது 'தோலுரித்தல்' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. தோலை நம்பிப் பல தலைமுறைகளாக உலை வைக்கும் நாட்டுப்புறம் இது. அப்துல்லாபுரத்தை மையமாக வைத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு வட்டம் வரைந்தால் வேலூர் நகரின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

விதியின் காரணம் தெளிவானது. கழிவு கிடக்குமிடத்தில் பருந்தும் காகமும் கூடும். விமானங்கள் தாழப் பறக்கும் இடமும் அவை வட்டமிடும் உயரமும் ஒன்றே. 2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து 185 பயணிகளோடு எழுந்த விமானம் பறவை மோதி ஓர் எஞ்சினில் தீப்பற்றி, திரும்பி வந்து இறங்கியது. இறையருளால் அனைவரும் பிழைத்தனர். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் என்ற சிறிய வட்டார விமான நிலையத்தில் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. சக்கரம் இறங்காத நிலையில் தரையில் உராய்ந்து சென்ற விமானம் ஓடுதளத்தின் முடிவிலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் மாண்டனர். அதன் இரண்டு எஞ்சின்களிலும் நீர்வாத்துகளின் இறகும் குருதியும் காணப்பட்டன. பறவைகளால் தொடங்கிய துன்பத்தை மனிதன் எழுப்பிய மேடு பெருக்கியது.

ஓடுதளத்து வேலிக்குள்ளும் இக்கவலை உண்டு. புல்லை ஒட்ட வெட்டினால் ஆள்காட்டிக் குருவி முட்டையிட வரும். வளரவிட்டால் எலியும் பாம்பும் குடியேற, அவற்றைத் தேடிப் பருந்து வரும். மழை பெய்து பூச்சிகள் கிளம்பினால் கொக்குகள் கூட்டமாய் இறங்கும். வெடி வைத்து விரட்டினால் ஒரு நாள் அஞ்சும், மறுநாள் பழகிவிடும். ஆகவே பறவையை விரட்டுவதைவிட, அது நாடி வரும் காரணத்தை நீக்குவதே நிலையான வழி என்பது இத்துறையினர் கண்ட முடிவு.

அந்தக் காரணம் வேலிக்கு வெளியே, நம் தெருக்களில் இருக்கிறது. வேலூர் நகரக் குப்பை சதுப்பேரி ஏரிப்பகுதியில் பல்லாண்டுகள் கொட்டப்பட்டு வந்ததை அவ்வழியே பேருந்தில் சென்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் வாங்கும் ஆட்டுக்கறியின் மிச்சம் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சட்டம் கடுமையாகப் பாயும் நாளில் முதலில் விரட்டப்படுபவர் சாலையோரம் கடை வைத்திருக்கும் இறைச்சி வியாபாரியாகவே இருப்பார். கழிவை வாங்கிச் செல்ல வண்டியோ, முறையான அறுப்புக் கூடமோ, எரு ஆக்கும் ஏற்பாடோ செய்து தராமல் அவரைக் குற்றவாளி ஆக்குவது எளிது. விமானத்தில் ஒருபோதும் ஏறாதவர் விமானத்திற்காகத் தம் பிழைப்பை இழப்பது நீதியாகாது. பெரியவர் கேட்ட "நமக்கு என்ன வந்தது?" என்ற கேள்வியின் கூர்மை இங்குதான் எனக்குப் புலப்பட்டது.

'தொழில் முதலில், தூய்மை பிறகு' என்ற வழியின் விலையை இப்பகுதி மக்களைப் போல் அறிந்தவர் வேறு எவர்? பாலாற்றங்கரை ஊர்களில் கிணறுகள் உப்பேறியதும், குடிநீருக்குப் பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடந்ததும் நாம் கண்கூடாகக் கண்டவை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டறைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும். தீங்கு உறுதியாகத் தெரியும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு நெறிகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என அன்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவெங்கும் சட்ட மாணவர்கள் இன்று அவ்வழக்கை வேலூரின் பெயராலேயே படிக்கின்றனர். அந்நெறியை நாட்டுக்கு ஈந்த மண்ணில், ஒரு விமானத்தளத்தை நடத்துகையில் அதை மறந்தால், கற்பித்தவனே பாடத்தை மறந்த கதையாகும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். தார் போட்ட வெளியில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது, விரைந்து ஓடும். அது எந்த ஏரிக்குச் செல்ல வேண்டும், எந்தத் தெருவுக்குள் நுழைந்துவிடும் என்பதை முன்னமே வகுத்தாக வேண்டும். அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுதளத்தை நீட்டிய சென்னை விமான நிலையம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சில நாள் மூடிக் கிடந்தது. கொச்சி நிலையம் 2015இல் முழுவதும் சூரிய ஒளி மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையம் என உலகப் புகழ் பெற்றது. 2018இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருதும் அதற்குக் கிடைத்தது. அதே 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் புகுந்து இரு வாரங்கள் அது செயலிழந்தது. கூரையில் சூரியத் தகடு பதிப்பது பாராட்டுக்குரியதே. ஆனால் அண்டையில் ஓடும் ஆற்றை மதிப்பது அதனினும் முந்திய கடமை.

ஆகவே என்ன செய்யலாம்? விமான நிலையங்களின் சுற்றுப்புறத்தைக் கவனிக்க மாவட்ட அதிகாரிகளும் உள்ளாட்சிகளும் நிலைய அலுவலரும் அமரும் குழு ஒன்று வழக்கத்தில் உண்டு. அதில் இறைச்சி வியாபாரிகளின் சார்பில் ஒருவரும், சுற்றியுள்ள ஊராட்சிகளின் விவசாயிகளும், துப்புரவுப் பணியாளர்களும் இடம்பெறட்டும். முதலில் கழிவுக்கு வழி செய்யட்டும். அதன்பின் கடைக்காரரிடம் விதியைப் பேசட்டும். குப்பையைத் தெருவிலேயே பிரித்து எருவாக்கும் முறை வேலூருக்குப் புதிதன்று; அதைத் தளத்தைச் சூழ்ந்த ஊர்களெங்கும் விரிக்கட்டும். மழைநீர் வாய்க்கால்களின் வரைபடத்தைக் கிராம சபையில் விரித்துக் காட்டட்டும். இவற்றிற்கு ஆகும் செலவு ஓடுதளத்திற்குத் தார் போடும் செலவில் சிறு பங்கே.

பெரியவருக்கு நான் கூறிய மறுமொழி இதுதான்: "ஐயா, அதில் ஏறுபவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாம். ஆனால் அது பத்திரமாய் இறங்குவது நாம் வீசும் குப்பையிலும் அடங்கியிருக்கிறது. அதன் பொருட்டு ஏழைகள் எவரும் நசுங்காதிருப்பது நம் குரலில் அடங்கியிருக்கிறது." அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா குப்பை லாரி ஒழுங்கா வந்தாத்தான் ஏரோப்ளேன் ஒழுங்கா வரும்னு சொல்லுங்க" என்றார். விமான நிர்வாகம் குறித்து நான் படித்த பல பக்கங்களின் சாரத்தை இருப்புப்பாதையில் உழைத்த அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.