வெந்த ரப்பருக்கு நடுவே ஒரு பச்சை

ஷா ஆலாமில் 1972 முதல் இயங்கிவந்த குட்இயர் டயர் ஆலை 2024 ஜூனோடு மூடப்பட்டது. சுமார் 550 பேருக்கு வேலை போனது. அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டிருந்தபோது லாரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "புது டயர் செய்யிற எடத்துக்கு இவ்வளவு கவலப்படறீங்க. பழைய டயர மறுபடி ஓட வைக்கிறவங்களையும் போய்ப் பாருங்க" என்றார். குனோங் ராபாட்டில், தேய்ந்த டயருக்குப் புதுப்பட்டை போடும் ஒரு செலுப் டயர் பட்டறைக்கு அவரே அழைத்தும் போனார்.

ஈப்போவின் தென்கிழக்கில், சுண்ணாம்புக் குன்றுகள் சாலையோரம் வரை வந்து நிற்கும் ஊர் இது. கெக் லோக் தோங் குகைக் கோயிலுக்குப் போனவர்கள் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைப் பார்த்திருப்பார்கள். கரியமில வாயு கலந்த மழைநீர் மேலே பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் சொட்டும்போது வாயு வெளியேற, கரைந்தது திரும்பக் கல்லாகிறது. போகவும் வரவும் வழியுள்ள வேதிவினை. அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே, திரும்பி வர வழியில்லாத ஒரு வினையை நம்பிப் பட்டறை நடக்கிறது.

அங்கே அடுப்பைக் கவனிப்பவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அம்மா கிளம்பும்போது இவரும் பின்னால் போவார். பால் பிடிக்கும் மங்கு துடைப்பதும் ஒட்டுப்பால் உரிப்பதும் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் இவர் வேலை. கந்தகத்தை முதலில் பார்த்ததும் அங்கேதானாம். புதுத் துளிரில் சாம்பல் நோய் விழுந்தால் தோட்டங்களில் கந்தகத்தூள் தூவுவது பழைய வழக்கம். "மஞ்சப் புகையாட்டம் மரத்து மேல ஏறும் தம்பி. கண்ணு எரியும்" என்றார். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போ வந்த குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. டயர்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அன்றிலிருந்து இதே தொழில்.

திரும்பி வராத அந்த வினைக்கு வருவோம். கந்தகம் சேர்த்து வேகவைக்காத பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதன் நீண்ட மூலக்கூறுகள் வெந்த சேமியா போல ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீரும் என்று 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டார்; அவர் 1860-இல் இறந்தது கடனோடு. ஷா ஆலாம் ஆலையை நடத்திய நிறுவனத்தை 1898-இல் வேறொருவர் தொடங்கினார்; சார்லஸ் குட்இயரின் பெயரை மட்டும் அது வைத்துக்கொண்டது. எட்டு அணுக்கள் வளையமாகக் கோத்த கந்தகம் சூட்டில் உடைந்து, ஒரு ரப்பர் சங்கிலியையும் பக்கத்துச் சங்கிலியையும் பாலம் போட்டு இணைக்கிறது. அணுக்கள் பல கோத்த நீளப் பாலத்தில் கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் நடுவிலுள்ள பிணைப்புதான் இளைத்தது. பாரம் ஏறும்போது அது அறுந்து, பக்கத்தில் மறுபடி கூடுகிறது. ஓயாமல் வளையும் டயர் சீக்கிரம் வெடிக்காமல் இருக்க அதுவும் ஒரு காரணம் என்று ரப்பர் வேதியியலாளர்கள் விளக்குகிறார்கள். மீள்வது அந்த அளவுக்குத்தான். மொத்தமாகப் பின்னோக்கிப் போய்ப் பச்சை ரப்பராக வழி கிடையாது. மெழுகைப் போல உருக்கி வார்க்க முடிந்திருந்தால் செலுப் தொழிலே தேவைப்பட்டிருக்காது.

பட்டறையில் முதலில் தேய்ந்த மேல்பட்டையை இயந்திரம் சுரண்டி எடுக்கிறது. ஆணி ஓட்டைகளைத் தேடி அடைக்கிறார்கள், பசை பூசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கடுத்த வேலை. வரிப்பள்ளம் போட்டு ஏற்கெனவே வெந்து வந்த புதுப்பட்டையை டயரில் சுற்றுமுன், மெல்லிய பச்சை ரப்பர்த் தாள் ஒன்றைப் பெரியவர் நடுவில் வைக்கிறார்.

"வெந்ததும் வெந்ததும் ஒட்டாது தம்பி. நடுவுல பச்ச இருந்தாத்தான் ரெண்டையும் புடிக்கும்."

அந்தத் தாளிலுள்ள கந்தகம்தான் இரு பக்கமும் பாலம் போட வேண்டும். நூறு டிகிரிக்குச் சற்று மேலே, அழுத்தத்தில், சில மணி நேரம் வேகிறது. அந்தக் காலத்து அச்சு முறையில் சூடு இன்னும் அதிகம். "கூட நேரம் விட்டா எளகிரும்ணே, இல்லையா?" என்று கேட்டேன். "ஆமா. வேகாததும் கெட்டது, வெந்து மீறினதும் கெட்டது. ரெண்டையும் நகத்த வச்சு அழுத்திப் பாத்தாலே தெரியும்." மிகையான சூட்டில் பாலங்கள் அறுகின்றன, சங்கிலிகளும் கெடுகின்றன, ரப்பர் தளர்கிறது.

இந்தப் பாலங்களை அளந்து வகைப்படுத்தியதில் பெரும்பங்கு 1938-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்துக்கு உண்டு. துன் அப்துல் ரசாக் ஆய்வு மையம் என்ற பெயரில் அது இன்றும் பிரிக்கெண்டன்பரியில் நடக்கிறது. அந்த ஆய்வுக்கான பணம் ரப்பர் ஏற்றுமதிமேல் விதித்த செஸ் வரியிலிருந்து போனது. மலாயாத் தோட்டங்களில் நம் பெண்கள் வெட்டிய பாலும் அந்த ஏற்றுமதியில் இருந்தது. ஆய்வேடுகளில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் சேர்த்த ஒட்டுப்பாலுக்கும், மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலுக்கும் எப்போதும் மட்டமான விலைதான். இன்றும் சிறுதோட்டக்காரர் கொண்டுவரும் கட்டிப்பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதை வியாபாரி பல சமயம் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்; அந்தக் கண் தன் பக்கம்தான் சாயும். செலுப் தொழிலிலும் பழைய டயரைப் பொறுக்கிக் கொடுக்கும் தரகர், மலிவான இறக்குமதி டயரைக் காட்டி விலையை அடிக்கும் கடைக்காரர் என இருபுறமும் இடைத்தரகர்கள். விமானங்களே செலுப் போட்ட டயரில் இறங்குகின்றன. நெடுஞ்சாலையில் கிழிந்து கிடக்கும் துண்டுகளைப் பார்த்துச் செலுப் என்றாலே மட்டம் என்கிறார்கள். காற்றுக் குறைந்த, அளவு மீறிப் பாரம் ஏற்றிய புது டயரும் அப்படித்தான் கிழியும்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஒரு தரகர் டயர்களை இறக்கினார். பெரியவர் ஒன்றைச் சாய்த்து உள்பக்கம் கையை ஓட்டினார். கம்பி வெளியே தெரிந்தது. தள்ளி வைத்தார். "ஒரு தடவ போட்டுக் குடுங்கண்ணே, வெல கூடத் தரேன்" என்றார் தரகர். "இதுமேல பட்டை போட்டா ரெண்டு நாளு ஓடும். மூணாம் நாளு எவனாவது பைக்குல பின்னால வருவான். எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, அடுத்த டயரை உருட்டினார்.