அம்மா போட்ட தையல்

வெளுத்த காட்டன் சுடிதாருக்கு வீட்டில் சாயம் போட்டால் துணி நிறம் மாறும். தையல் பெரும்பாலும் பழைய நிறத்திலேயே இருக்கும். காரணம், நூல் பாலியஸ்டர். பருத்தி தண்ணீரில் ஊறி, சாயத்தை உள்ளே விடும். பாலியஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலிகளோ நெருக்கியடித்து நிற்பவை. தண்ணீரே சுலபத்தில் நுழையாது. ஆலைகளில் அதற்கென்றே உள்ள டிஸ்பர்ஸ் சாயத்தை, மூடிய கலனில், அழுத்தத்தோடு, சுமார் 130 டிகிரி சூட்டில் ஏற்றுகிறார்கள். வீட்டு அண்டாத் தண்ணீர் 100-ஐத் தாண்டாதே! உள்ளே போன நிறம் லேசில் வெளியே வராததும் இதனால்தான்.

குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் ஒரு பெண், மறைந்த அம்மா தைத்துக் கொடுத்த சந்தன நிறச் சுடிதாரைக் கருநீலச் சாயத்தில் முக்கினார். காய்ந்ததும் தையல் மட்டும் சந்தன நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. கழுத்தருகே ஓரிடத்தில் கோணல். பிரித்து நீல நூலில் தைத்துத் தருவதாக டெய்லர் சொன்னார். வேண்டாமென்று வாங்கி வந்துவிட்டார்.