நாள் கணக்கு தப்பாது

அரியூரிலிருந்து கடல் தெரியாது. விழுப்புரம் சாலையோரம், கரும்பு ஆலையால் பேர் வாங்கிய ஊர். கப்பல்காரர்களின் உழைப்பை நாள் நாளாக எண்ணித் தரும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விட்டுப்போனது உண்டா என்று பார்க்கச் சிலர் அவரிடம் வருகிறார்கள். அப்பா எந்தெந்தக் கப்பலில் போனார் என்று தெரிந்துகொள்ள மட்டும் வருகிறவர்களும் உண்டு.

நான் போன அன்று வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா தன் தகப்பனாரின் சி.டி.சி. புத்தகத்தோடு, அதாவது கப்பல் பணிப் பதிவுப் புத்தகத்தோடு, வந்திருந்தார். ஓரம் பூச்சி அரித்த சின்னப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மாதிரி கட்டங்கள்: கப்பலின் பெயர், பதிவெண், டன், ஏறிய நாளும் துறைமுகமும், இறங்கிய நாளும் துறைமுகமும், பார்த்த வேலை, நடத்தை. நடத்தைக் கட்டத்தில் வரிக்கு வரி 'வி.ஜி.', அதாவது மிக நன்று.

"அதை விடுங்க. எல்லாருக்கும் போடறதுதான். போடாம விட்டிருந்தாத்தான் சேதி" என்றார் பெரியவர்.

கப்பல் பெயரைப் பார்த்ததுமே கம்பெனியைச் சொல்லிவிடுகிறார். 'ஜல' என்று தொடங்கினால் சிந்தியா. 1948இல் விசாகப்பட்டினத்தில் நேரு கடலில் இறக்கிவைத்த 'ஜலஉஷா' அந்த வரிசைதான். 'விஷ்வ' என்றால் 1961இல் உருவான ஷிப்பிங் கார்ப்பரேஷன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளேற்றிப் போன 'ரஜுலா' போல 'ஆ'வில் முடிந்தால் பெரும்பாலும் பி.ஐ. எனப்படும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. முத்திரை விழுந்து பெயர் அழிந்திருந்தால் பதிவெண்ணையும் டன்னையும் வைத்து லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் தேடுகிறார். கைமாறும்போது கப்பலுக்குப் பெயரும் மாறும் என்பதால் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்.

அந்த அம்மா முதல் பக்கத்தைக் காட்டிக் குறைப்பட்டார். அப்பா பிறந்தது தை மாதம். புத்தகத்தில் ஜூலை 1. ஊர் வெறுமனே பாண்டிச்சேரி. பெயரும் இரண்டு இடத்தில் இரண்டு விதம்.

"பேரு, ஊரு, பிறந்த தேதியெல்லாம் வாயால சொன்னதைக் கேட்டு எழுதினதும்மா. ஏறின நாளு, இறங்கின நாளு, வேலை மூணும் சம்பளம் போட எழுதினது. காசு எதுல ஒட்டிக்கிட்டிருக்கோ அதை நம்பு."

இந்தச் சூத்திரம் இன்னும் பழைய ஆவணங்களுக்கும் செல்லும். பிரிட்டிஷ் கப்பல்களில் ஆள் சேர்த்த ஒப்பந்தத் தாள்களில், 1863 முதல் 1938 வரையிலானவற்றில் பெரும்பகுதி இன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கிறது. ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கு உரியவை கிரீனிச்சில். 1915ஆம் ஆண்டுத் தாள்களிலிருந்து மட்டும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்ப்பதிவுகளைப் படியெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவற்றில் நம் நாட்டுக் கலாசிகளின் பெயர்கள் எழுதியவரின் காதுக்கு எட்டியபடி சிதைந்து கிடக்கும். கூலியும் தேதியும் மட்டும் அவ்வளவு எளிதில் பிசகாது. ஆளைக் கண்டுபிடிக்க நினைப்பவர் பெயரைவிட 'முன்பு வேலை பார்த்த கப்பல்' என்ற கட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் போக வேண்டும்.

பெரியவர் ஒரு கோடிட்ட நோட்டில் கப்பல் வாரியாக நாள்களைக் கூட்டிக்கொண்டே வந்தார். இறங்கிய தேதிக்கும் அடுத்து ஏறிய தேதிக்கும் நடுவே சில இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே பதிவும் இல்லை. "அது நான் பொறந்த வருஷம். அப்பா கூடவே இருந்தாராம்" என்று ஒரு இடைவெளியைச் சுட்டினார் அம்மா. அதைப் பெரியவர் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

வேலைக் கட்டத்துக்கு வந்ததும் தயங்கினார். எல்லா வரியிலும் 'ஆயில்மேன்'. ஊரில் சொல்லிக்கொண்டதோ கப்பல் எஞ்சினியர் என்று.

எஞ்சின் அறைச் சூட்டில் நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, திரும்ப நாலு மணி நேரம் என்று இயந்திரத்தைச் சுற்றிவந்து எண்ணெயும் வெப்பமும் பார்க்கிற வேலை அது என்று பெரியவர் விளக்கினார். அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கூட்டுத்தொகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆயில்மேன்னே எழுதிக் குடுங்க ஐயா. பேத்திக்குச் சரியாச் சொல்லணும்."