அங்குலமும் மில்லிமீட்டரும்

பழைய டிரையம்ஃப் பான்வில் ஐட்லிங்கில் நிற்காமல் திணறினால், இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் வட்டார மெக்கானிக்குகள் முதலில் கார்ப்பரேட்டர் மூடியைக் கழற்றி ஸ்லைடைத்தான் பார்க்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் மேலே ஏறி, விட்டால் கீழே இறங்கும் அந்த உருளையை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். கடகடவென்று ஆடினால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஸ்லைடுக்கும் சுவருக்கும் நடுவே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. எத்தனை தடவை டியூன் செய்தாலும் நிலைக்காது.

ஆட்டத்துக்குக் காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. மூன்று கம்பெனிகள் ஒன்றிணைந்து 1927இல் உருவான அமால், பர்மிங்ஹாமிலிருந்து பெரும்பாலான பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களுக்குக் கார்ப்பரேட்டர் கொடுத்தது. 1967இல் அது கொண்டுவந்த கான்சென்ட்ரிக் மாடல் அடக்கமானது, எளிமையானது, கழற்றிப் பூட்டச் சுலபமானது. ஆனால் உடலையும் ஸ்லைடையும் ஒரே துத்தநாகக் கலவையில் வார்த்துவிட்டார்கள். ஒரே உலோகம் தன்னோடு தானே உரசினால் இரண்டு பக்கமும் தேயும். பான்விலில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கார்ப்பரேட்டர் என்பதால், இரண்டும் ஒரே அளவில் தேய்வதும் கிடையாது. வலது பக்கம் ஒரு கணக்கு, இடது பக்கம் வேறு கணக்கு.

நான் போயிருந்த பட்டறை கவென்ட்ரிக்கு வெளியே, மெரிடன் கிராமத்துப் பக்கம். 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் கவென்ட்ரி தொழிற்சாலை அழிந்தபின் டிரையம்ஃப் இந்த மெரிடனில்தான் புதிய ஆலை எழுப்பியது. தொழிலாளர்களே கூட்டுறவாக எடுத்து நடத்திப் பார்த்து, 1983இல் அது மூடப்பட்டது. ஆலை நின்ற இடத்தில் இப்போது வீடுகள். தெருப் பெயர்ப் பலகை மட்டும் ‘பான்வில் குளோஸ்’ என்கிறது.

பட்டறையில் இரண்டு பேர். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். அவரிடம் தொழில் கற்கும் இளம்பெண். அன்று மேடையில் ஏற்றியிருந்தது 1969ஆம் ஆண்டு டி120ஆர் பான்வில், 649 சி.சி. சொந்தக்காரர் அதை ஷோவுக்கு வைத்திருப்பவர் அல்ல. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கோடையில் ஸ்காட்லாந்து வரை போகிறவர். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: சிக்னலில் எஞ்சின் அணையக் கூடாது.

தேய்ந்த கான்சென்ட்ரிக்குக்கு மாற்று இரண்டு வகையில் கிடைக்கிறது. சால்ஸ்பரியிலுள்ள பர்லன் நிறுவனம் அமால் பெயரிலேயே இன்றும் தயாரிக்கும் பிரீமியர் வகை ஒன்று. அதில் ஸ்லைடு கடினப் பூச்சு ஏற்றிய அலுமினியம், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஃப்ளோட், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய பைலட் ஜெட். பழைய மாடலில் பைலட் ஜெட்டை உள்ளேயே அடித்து இறக்கியிருப்பார்கள். அதன் துளை 0.016 அங்குலம், அதாவது 0.4 மி.மீ. நாள்பட்ட பெட்ரோல் அதில் பிசினாக உறைந்துவிட்டால், ஏர் ஸ்க்ரூ துளை வழியே 78ஆம் எண் டிரில் பிட்டை விரலால் உருட்டி உருட்டி இறக்கித்தான் அடைப்பெடுக்க வேண்டும். பெரியவர் அந்த பிட்டை மருந்துக் குப்பி ஒன்றில் தனியாகப் பத்திரப்படுத்தியிருந்தார்.

இன்னொரு வழி ஜப்பானின் மிகுனி. குரோம் பூசிய பித்தளை ஸ்லைடு, சீக்கிரம் தேயாது. சொந்தக்காரர் கேட்டது இதைத்தான், 30 மி.மீ. வாய் கொண்ட ஜோடி. நட்டு, கேபிள், ரப்பர் ஃப்ளேஞ்ச் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் கிட்டாக வந்திருந்தது. அப்படியே மாட்டி ஓட்டலாம் என்று பெட்டி உறுதி சொன்னது.

“அப்படியே மாட்டலாம், புது வண்டியாக இருந்தால்” என்றார் பெரியவர். “இது ஐம்பது வருஷமாக யார் யாரோ கழற்றி மாட்டிய வண்டி.”

அவர் சொன்னதன் பொருள் அடுத்த சில மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது. கார்ப்பரேட்டர் மாற்றுவது என்றால் நல்ல கார்ப்பரேட்டரைத் தேர்ந்தெடுப்பது என்றே வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். பட்டறையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பேச்சும் நேரமும் முழுக்க இணைப்புகளில் போயின. புதியது பழையதைத் தொடும் இடங்கள் அவை: ஃப்ளேஞ்ச், கேபிள் நுனி, பெட்ரோல் டேப், ஒரு முழ ரப்பர் குழாய்.

முதலில் ஃப்ளேஞ்ச். அமால் கார்ப்பரேட்டரை சிலிண்டர் ஹெட்டில் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். காற்று கசிகிறது என்று நினைத்தவர்கள் எல்லோரும் அவற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறார்கள். இறுக்க இறுக்க ஓரங்கள் வளைந்து நடுப்பகுதி விலகும். கசிவு கூடும். மறுபடி இறுக்குவார்கள். அந்தப் பெண் ஹெட்டில் திருகியிருந்த அலுமினியக் குழல் இரண்டையும் கழற்றி, முகத்தின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திவைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஸ்கேலுக்கு அடியில் பிறை வடிவில் ஒளி தெரிந்தது. தடித்த கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, முகத்தை அதில் வைத்து எட்டு எழுத்து போடுகிற மாதிரி தேய்க்க ஆரம்பித்தார். அவ்வப்போது நிறுத்தி, நீலப் பேனாவால் முகத்தில் கோடு போடுவார். மறுபடி தேய்ப்பார். ஒரு கோடுகூட மிஞ்சாமல் அழியும்போதுதான் முகம் சமம். இரண்டு குழலுக்கும் இதிலேயே காலைப் பொழுது போயிற்று. கிட்டின் தாளில் இந்த வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு பெட்ரோல் லைன். வண்டியில் இருந்த பழைய குழாயைப் பெரியவர் நீளவாக்கில் கீறி என்னிடம் கொடுத்தார். வெளியே பளபளப்பாக இருந்தது. உள்சுவர் கத்திரிக்காய் வற்றல் போலச் சுருங்கி, தொட்ட இடத்தில் கருப்பாக உதிர்ந்தது. அந்தத் துகள்தான் ஜெட்டில் போய் உட்காரும். இது இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வெளிச்சுவரும் வெடித்து, சூடான சிலிண்டர் ஹெட்டின் மேல் பெட்ரோல் சொட்டியிருக்கும்.

இதற்குப் பெட்ரோலே ஒரு காரணம். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றால் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய வகை ரப்பரையும் கார்க்கையும் அரிக்கும், ஃபைபர் டேங்கின் பிசினைக் கரைக்கும். விலை கூடிய சூப்பர் ரகத்தில் எத்தனால் குறைவு. பழைய வண்டிக்காரர்கள் அதைத்தான் தேடிப் போடுகிறார்கள். ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு எல்லா இடத்திலும் அது அமையாது. இந்தியாவிலோ 2023இல் ஈ20 விற்பனைக்கு வந்து, இப்போது அதுவே பொதுவான பெட்ரோலாகிவிட்டது. அப்பா காலத்து புல்லட்டை ஓட்டுகிற நம்மவர்கள் சைலன்ஸரையும் சீட்டையும் மாற்றுவதற்கு முன் இந்த ஒரு முழக் குழாயை மாற்றிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெரியவர் வாங்குவது உள்பூச்சு ஃப்ளோரோ ரப்பரால் ஆன ‘ஆர்9’ தரக் குழாய். அந்த முத்திரையை வெறுமனே அச்சடித்த மட்டமான குழாயும் சந்தையில் உலவுவதால், புதிதாக வரும் ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டை வெட்டி மூடிய ஜாடிக்குள் பெட்ரோலில் ஊறப்போட்டு வைக்கிறார். ஜன்னலோரம் அப்படி வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் தேதி. ஊறிய துண்டு உப்பினாலோ விறைத்தாலோ அந்தச் சுருள் குப்பைக்குப் போகிறது.

இந்த இடத்தில்தான் அங்குலமும் மில்லிமீட்டரும் மோதுகின்றன. டேங்கில் டேப் திருகும் மரை கால் அங்குல பிரிட்டிஷ் பைப் மரை. குழாயின் உள்விட்டம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. மிகுனியின் பெட்ரோல் மூக்கு 6 மி.மீ. வித்தியாசம் 0.35 மி.மீ. கையால் செருகினால் இறுக்கமாகத்தான் தெரிகிறது. எஞ்சின் அதிரும்போது அதுவே மெல்ல மெல்ல நழுவும். திருகு வைத்த சாதாரண கிளிப்பைப் போட்டு முறுக்கினால் அதன் பல் ரப்பரைக் கடித்துவிடும். அதனால் அந்த முனைக்கு மட்டும் 6 மி.மீ. குழாய், டேப் முனைக்குக் கால் அங்குலக் குழாய், நடுவே இரண்டையும் சேர்க்கும் பித்தளை இணைப்பு என்று முடிவெடுத்தார்கள். சுற்றிலும் சீராக அழுத்தும் உருண்டை ஓரக் கிளிப்புகள். கழற்றிய நட்டுக்கு விட்வர்த் ஸ்பேனர், மாட்டும் போல்ட்டுக்கு மெட்ரிக் ஸ்பேனர். இரண்டு செட்டையும் வேறு வேறு நிறத் துணியில் விரித்து வைத்திருந்தது அந்தப் பெண்ணின் ஏற்பாடு.

டேப்பை டேங்கில் திருகும்போது அது பார்க்க வேண்டிய திசையில் வந்து நிற்காது. வற்புறுத்தினால் மரை போகும். எஃகு வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய டௌட்டி வாஷரை அடியில் கொடுத்தால் கொஞ்சம் முன்பின் திருப்பி நிறுத்தலாம், சொட்டும் கசியாது. இரண்டு டேப்பில் ஒன்று ரிசர்வ். ஒன்றை மட்டும் திறந்தாலும் இரண்டு கார்ப்பரேட்டருக்கும் பெட்ரோல் போக, நடுவில் குறுக்குக் குழாய் ஒன்று வேண்டும். பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து தானாக இறங்கி வருவதுதான். ஆகவே வழியில் எங்கேயும் குழாய் மேடேறக் கூடாது, ஹெட்டை ஒட்டிப் போகக் கூடாது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவில்லை. அடியில் வெள்ளைத்தாள் விரித்து, டேப்புகளைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ராத்திரி முழுக்கத் தாள் உலர்ந்து கிடந்தால்தான் மறுநாள் மேற்கொண்டு வேலை.

தாள் உலர்ந்தே இருந்தது.

இரண்டு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழ வேண்டும். பெரியவர் ஒரே தடிமனுள்ள இரண்டு டிரில் பிட்டுகளின் காம்பை ஸ்லைடுக்கு ஒன்றாக அடியில் வைத்தார். ஆக்ஸிலரேட்டரை அந்தப் பெண் மிக மெதுவாகத் திருக, இரண்டு பிட்டும் ஒன்றாகத் தளர்கின்றனவா என்று விரல் நுனியில் பார்த்தார். இடதுபக்கம் ஒரு மயிரிழை முந்தியது. கேபிள் உறையின் திருகைக் கால் சுற்று தள்ளினார். இதற்குக் கருவி இருக்கிறது, அளவுமானி வைத்தும் பார்க்கலாம். கடைசியில் அதையும் மாட்டிச் சரிபார்த்தார்கள். முள் இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.

ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே. இரண்டு கார்ப்பரேட்டரின் ஸ்டார்ட்டர் நெம்பும் மேலே. அமாலில் டிக்லர் பொத்தானை அழுத்தி, பெட்ரோல் வழிந்து விரல் நனைந்த பிறகு கிக் அடித்துப் பழகியவர்கள் மிகுனியில் தடுமாறுவது இங்கேதான். ஸ்லைடு முழுக்க மூடியிருந்தால்தான் அந்த ஸ்டார்ட்டர் வேலை செய்யும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாலும் உறிஞ்சும் விசை போய்விடும். சொந்தக்காரர் வந்ததும் இதைத்தான் பெரியவர் முதலில் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

ஐட்லிங் சமமானதும் ஃப்ளேஞ்ச் ஓரங்களில் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தார்கள். எங்காவது காற்று புகுந்தால் சத்தம் உடனே மாறும். மாறவில்லை. கண்ணாடிப் பலகையில் கழித்த காலைப் பொழுதுக்கு அதுதான் பதில்.

மெயின் ஜெட்டை மட்டும் பட்டறைக்குள் முடிவுசெய்ய முடியாது. முக்கால் திறப்புக்கு மேல்தான் அது பேசும். அதற்குக் கீழே நீடிலும் ஸ்லைடின் வெட்டும் பைலட்டும்தான். சற்றுப் பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைப்பது பெரியவரின் முறை. பெட்ரோல் கூடினால் பிளக் கருக்கும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் உருகும். எத்தனால் தன் பங்குக்கு ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிறது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சரி என்றால், ஈ10க்கு ஏறத்தாழ 14.1. பழைய கையேட்டில் போட்டிருக்கும் ஜெட் எண்ணை அப்படியே நம்பினால் கலவை மெலிந்துவிடும். நீண்ட நேர்ச்சாலையில் முழுக்க முறுக்கி, அதே வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றினார். ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் முன்போலத் தெளிவாகப் பதிவதில்லை. பூதக்கண்ணாடியால் பீங்கானின் அடிவேர் வரை எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். தன் கருத்தைச் சொல்லாமல் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார். “இன்னும் ஒரு அளவு குறைக்கலாம்” என்றார் அவர். பெரியவர் தலையசைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து அடுத்த ஜெட்டை எடுத்தார்.

மிகுனி போட்டால் அது பிரிட்டிஷ் வண்டியே அல்ல என்று வாதிடும் ரசிகர்கள் இங்கே நிறைய. பெரியவரிடம் கேட்டேன். ஓடுகிற வண்டிக்கு எது ஓட வைக்கிறதோ அது போதும் என்பது அவர் பதில். ஆனால் அதற்கு ஒரு எல்லையும் வைத்திருக்கிறார். பான்வில் முதன்முதலாக வந்த 1959ஆம் ஆண்டு மாடலில், இரண்டு அமால் மோனோபிளாக்கின் ஃப்ளோட் அறைகளை வெட்டியெடுத்துவிட்டு, நடுவில் தனியாகத் தொங்கும் ஒரே ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து இரண்டுக்கும் பெட்ரோல் கொடுத்திருந்தார்கள். டியூன் செய்யத் தலைவலி பிடித்த அமைப்பு. அப்படி ஒரு வண்டி வந்தால் அதில் மிகுனி மாட்ட மாட்டாராம். அந்தத் தொங்கும் கிண்ணத்தையே சரிசெய்து கொடுப்பாராம், எத்தனை நாள் பிடித்தாலும்.

“குழாயை மட்டும் ஆர்9 போட்டுவிடுவேன்” என்றார்.